மகாராஜா வந்தது

புரோத்ராபூர்,
8 ஜனவரி 2024

விஜிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கலாமா கூடாதா என்று யோசித்ததில் டீ ஆறிப்போனது. அதனால் போடவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகிறது. வேறு வழியில்லாமல்தான் இந்தத் தபால். கையெழுத்து பழையபடி கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பாளர் பக்தவத்சலம் போன வாரம் ஒரு பெரிய உறை அனுப்பியிருந்தார். 'பேரளம் திருநாவுக்கரசு படைப்புகள், முழுத் தொகுப்பு, பதிப்பாசிரியர் முனைவர் விஜயலட்சுமி' என்று முதல் பக்கத்தில் இருந்தது. குடும்பப் படங்களை அச்சிட வாரிசு என்ற முறையில் அம்மா ஒரு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மாவின் தாத்தா புத்தகம், அம்மா கையெழுத்து, நியாயம்தான். நீட்டுவதற்கு முன்னால் நீ என்னதான் எழுதியிருக்கிறாய் என்று முன்னுரையைப் படித்தேன்.

'விலைபோன வெண்பா' என்று தலைப்பு. இருபத்தைந்து வயதுக்குள் நல்ல கவிஞர் என்று பெயர் வாங்கியவர், சர்க்கார் குமாஸ்தாவாகப் போர்ட் பிளேருக்கு வந்தபின் வெள்ளைக்கார ராஜாவுக்குத் துதி பாடினார், அந்த வெட்கத்தில் கவிதையையே விட்டுவிட்டு நாவலும் சிறுகதையுமாக எழுதி மீதிக் காலத்தைத் தள்ளினார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நீ காட்டும் சாட்சி ஒரே ஒரு பாட்டு.

காத்துக் கிடந்தேன் கரையில் கடலலையைப்
பார்த்துப் பகலெல்லாம் பட்டினியாய் – வேர்த்து;
மகாராஜா வந்தார் வாய்திறந்து கூவி
அகமகிழ ஓலை தர.

விஜி, இது ராஜா இல்லை. கப்பல்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. இந்தப் போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் கப்பல் டிக்கெட் கௌண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜை ராம்சரணை உனக்கு ஞாபகம் இருக்கும். தண்டனைக் கைதிகளின் வம்சம், இங்கே 'லோக்கல் போர்ன்' என்கிறோமே, அந்தக் குடும்பம். அவன் எதற்கெடுத்தாலும் சொல்வான்: "மேரா பர்தாதா மகாராஜா மே ஆயா தா." என் கொள்ளுத் தாத்தா மகாராஜாவில் வந்தார் என்று அர்த்தம். ராஜா தோளில் ஏறியா வந்தார்? அந்தக் காலத்தில் கைதிகளையும் தபாலையும் கொண்டுவந்த கப்பலின் பெயர் மகாராஜா. பாட்டைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. கரையில் காத்துக் கிடக்கிறார், பட்டினியாக நிற்கிறார், வாயைத் திறந்து கூவிக்கொண்டு வருகிறது, கடிதம் கொண்டு வருகிறது. எந்த ராஜா வாயைத் திறந்து கூவுவான்?

அந்த முன்னுரையை நிறுத்து. அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. நீ எழுதியதை அம்மா படிக்கக் கூடாது.

சுதாகர்

*

மயிலாடுதுறை,
19 ஜனவரி 2024

திரு. சுதாகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று வருஷத்தில் முதல் கடிதம், அதிலும் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி கிடையாது. பரவாயில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

உங்கள் கப்பல் கதையைப் படித்துச் சிரித்தேன். கோபப்படாதீர்கள். ஜெட்டியில் இருப்பவருக்குப் பார்ப்பதெல்லாம் கப்பலாகத்தான் தெரியும். நான் பதினோரு வருஷம் இந்த மனிதரோடு குப்பை கொட்டியிருக்கிறேன், அதனால் நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்.

இந்தப் பாட்டு சென்னை மாதப் பத்திரிகை ஒன்றில் 1912 ஜனவரியில் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் டெல்லியில் தர்பார் நடத்தியது 1911 டிசம்பரில். அந்த மாதம் பேனா பிடித்தவர்களெல்லாம் ராஜாவைத்தான் பாடினார்கள். 'கரை' என்றால் ராஜா வந்திறங்கிய பம்பாய்க் கரை. 'கூவி' என்றால் கட்டியம் கூறுவது, 'ஓலை' என்றால் ராஜப் பிரகடனம். இதெல்லாம் போகட்டும், 'வந்தார்' என்று இருக்கிறதே. கப்பலுக்கு யார் ஐயா 'ஆர்' விகுதி போடுவார்கள்? உங்கள் கௌண்டரில் போடுகிறீர்களா?

இன்னொன்று. வெண்பாவில் ஒரு சீர் முடிகிற ஓசையும் அடுத்த சீர் தொடங்குகிற ஓசையும் பொருந்த வேண்டும். அதற்குத் தளை என்று பெயர். இந்த மனிதர் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் வெண்பாக்களில் ஒன்றில்கூடத் தளை தட்டாது. இந்த ஒன்றில் மட்டும் மூன்றாவது அடியில் தட்டுகிறது. ராஜாவைப் பாடுகிற அவசரத்தில் இலக்கணம்கூடக் கைவிட்டுப் போயிற்று என்று எழுதியிருக்கிறேன். என் ஆய்வேட்டைப் படித்த எல்லாரும் பாராட்டிய இடம் அதுதான்.

பிப்ரவரி 29 புத்தகம் அச்சுக்குப் போகிறது. அத்தை கையெழுத்துப் போடாவிட்டால் படங்கள் இல்லாமல் வரும். புத்தகம் நிற்காது.

வி. விஜயலட்சுமி

*

புரோத்ராபூர்,
29 ஜனவரி 2024

விஜிக்கு,

எப்படி இருக்கிறாய்? போதுமா?

'திரு. சுதாகர் அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்ததும் மின்சார வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பார்ப்பதெல்லாம் கப்பலாகத் தெரியும் என்கிறாய். கப்பலே தெரியாமல் பதினைந்து வருஷம் இந்த ஊரில் நீ குடித்தனம் நடத்தினாயே, அதையும் சொல்லு.

சிந்து விஷயத்தை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. சாயங்காலம் நீ போன் பண்ணி எப்போது வருவீர்கள் என்று கேட்டாய். நான் கௌண்டர் கூட்டத்தில் நின்றுகொண்டு, "சிந்து இப்பதான் வந்துச்சு, அது கிளம்பினாத்தான் நான் வர முடியும்" என்றேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம் போய், "அத்தை, 'அது இது'ன்னு சொல்ற அளவுக்கு உங்க பிள்ளைக்கு எவளோ ஒருத்தி பழக்கமாயிருக்கா" என்று அழுதாய். அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது சிரித்து. "அடி பைத்தியமே, சிந்து கப்பல்டி! கேம்பல் பே போற கப்பல்!" அன்றைக்கு நீயும்தானே சேர்ந்து சிரித்தாய்? அன்றைக்குக் கப்பலைப் பெண் என்று நினைத்தாய். இன்றைக்குக் கப்பலை ராஜா என்று நினைக்கிறாய். அதே தப்பு, இந்தத் தடவை முனைவர் பட்டத்தோடு.

கௌண்டரில் மரியாதை விகுதி போடுகிறோமா என்று கேட்டாய். போடுவதில்லை. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் கருப்பாயி அம்மாள் இன்று காலை வந்து நின்று, "சிந்து வந்திருச்சாங்களா ஐயா?" என்று என்னைத்தான் மரியாதையாகக் கேட்டார், கப்பலை அல்ல. தமிழன் எவனும் கப்பலை 'வந்தார்' என்று சொல்ல மாட்டான். 'வந்தது' என்றுதான் கொள்ளுத் தாத்தா எழுதியிருப்பார். சென்னையில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர், உன்னை மாதிரியே, இது ராஜாதான் என்று நினைத்திருப்பார். ராஜாவை 'வந்தது' என்று அஃறிணையில் அச்சடித்தால் போலீஸ் வந்து பத்திரிகையைப் பூட்டிவிடும் அந்தக் காலத்தில். அடித்துத் திருத்தி 'வந்தார்' என்று போட்டிருப்பார். எனக்குத் தளையும் தெரியாது, கிளையும் தெரியாது. ஒரு கௌண்டர்காரன் புத்திக்கு இதுதான் படுகிறது.

தேதியைச் சொன்னாயே, 1911 டிசம்பர். அம்மாவின் அப்பா பிறந்தது 1911 நவம்பர் கடைசியில், பேரளத்தில். இங்கே இருந்த மனுஷனுக்குப் பிள்ளை பிறந்த சேதி எதில் வரும்? கப்பலில்தான் வரும். பட்டினியாக நின்று பார்த்தது பம்பாய் ராஜாவையா, இல்லை தன் பெண்டாட்டி கடிதத்தையா? ஒரு நிமிஷம் யோசி.

சம்மதத் தாள் அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடக்கிறது. தினமும் கேட்கிறார்: "என் தாத்தாவைப் பத்தி அவ என்னடா எழுதியிருக்கா? இந்தத் தடவையாவது நல்லாத்தானே எழுதியிருக்கா?" நான் ஆமாம் ஆமாம் என்று மண்டையை ஆட்டுகிறேன். புத்தகம் வந்தபிறகு என்ன சொல்வேன்? பேரளத்தில் அம்மாவின் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே உன் ஆய்வேட்டை வைத்துக்கொண்டு, "உங்க தாத்தா வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா போட்டவர்தானே" என்று ஒரு கல்யாணத்தில் கேட்டார்கள். அதற்குப்பிறகு அம்மா ஊர்ப்பக்கம் போகவே இல்லை. அது உனக்குத் தெரியுமா? நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம். சொல்லிவிட்டேன்.

சுதாகர்

*

மயிலாடுதுறை,
8 பிப்ரவரி 2024

சுதாகர்,

உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பதில் எழுதுவதில்லை என்றுதான் முடிவு செய்தேன். முனைவர் பட்டத்தை இழுத்தது ரொம்ப வலித்தது.

நேற்று இரண்டாமாண்டு மாணவிகளுக்கு யாப்பு வகுப்பு. தளை தட்டினால் எப்படி இருக்கும் என்று காட்ட நான் வருஷா வருஷம் ஒரே உதாரணத்தைத்தான் எழுதுவேன். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் மூன்றாவது அடி. எழுதத் தொடங்கினேன், கை பழக்கத்துக்கு ஓடாமல், 'மகாராஜா வந்தது' என்று எழுதிவிட்டது. உங்கள் கடிதம் மண்டைக்குள் கிடந்திருக்கிறது போல. சரி, அடித்துத் திருத்தலாம் என்று டஸ்டரை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தளை தட்டவில்லை.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். 'வந்தார்' என்பது தேமா. தேமாவுக்குப் பின்னால் 'வாய்' என்று நேரசை வந்தால் வெண்பாவுக்கு ஆகாது. 'வந்தது' என்பது கூவிளம். அதற்குப் பின்னால் 'வாய்' கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் முழுப் பாட்டும் சரியாகிவிடுகிறது. முந்நூறு வெண்பாவில் தப்பாதவர் இதில் மட்டும் ஏன் தப்பினார் என்று நான் கேட்டேனே தவிர, தப்பியது அவர்தானா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதை நான் என் ஆய்வில் பிழை என்று எழுதி, அதற்குப் பாராட்டு வாங்கி, பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பிழை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்னது சரி. எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் இது போதாது. 'ஓசை பொருந்துகிறது, அதனால் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று நான் முன்னுரையில் எழுதினால், புருஷன் குடும்பத்துக்காக மனசை மாற்றிக்கொண்டாள் என்று நாளைக்கே பேசுவார்கள். என் ஆய்வை நானே உடைக்க வேண்டுமென்றால் அவர் கைப்பட எழுதியது வேண்டும்.

அதனால் பழையதைக் கிளற வேண்டியிருக்கிறது. அத்தை 2020 கடைசியில் என்னிடம் கொடுத்த அவருடைய கையெழுத்து நோட்டில் 1911ஆம் வருஷத்துப் பாட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முடிவில் 43, 44ஆம் பக்கங்கள் உள்ள ஒரு தாள் மட்டும் இல்லை, அடுத்தது 45 என்று எண் போட்ட வெற்றுப் பக்கம். கிழியவில்லை, பிளேடால் அறுத்தது. வெட்டின ஓரம் புதிதாக, வெள்ளையாக இருந்தது. அதைத்தான் அன்று அத்தையிடம் கேட்டேன். "என்னைத் திருடிங்கறியா?" என்று அத்தை எழுந்து போனார். நீங்கள் வந்து, "எங்க வீட்டுத் தாளை எண்ண நீ யாரு?" என்றீர்கள். பதினைந்து வருஷம் உங்களோடு வாழ்ந்தவளைப் பார்த்து நீ யாரு என்றீர்கள். மறுவாரம் நான் கப்பல் ஏறினேன்.

நான் கேட்டது தப்பான கேள்வி இல்லை. இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். அந்தத் தாள் எங்கே? அத்தையிடம் நீங்கள் கேளுங்கள். பக்தவத்சலத்திடம் மார்ச் 15 வரை தவணை வாங்கியிருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்கிறார்.

விஜயா

*

புரோத்ராபூர்,
24 பிப்ரவரி 2024

அன்புள்ள விஜி,

இந்தத் தடவை யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். அதிலேயே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடா, என்ன வேணும்?"

"அம்மா, தாத்தா நோட்டுல ஒரு தாள் இல்லையாமே. நீ எடுத்தியா?"

"அவ கேக்கச் சொன்னாளா?"

"அவளும் கேட்டா. நானும்தான் கேக்கறேன்."

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. மாத்திரை போடவேண்டுமே என்று கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். கார்டுக்குப் பின்னால் நான்காக மடித்த தாள்.

அம்மாதான் அறுத்திருக்கிறார், விஜி. உன்னிடம் நோட்டைக் கொடுப்பதற்கு முதல் நாள், என்னுடைய ஷேவிங் பிளேடால்.

நீ கேட்டது சரியான கேள்வி. 'நீ யாரு' என்று நான் கேட்டதுதான் தப்பு. அம்மா திருடி இல்லை என்று நிரூபிக்க உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார். எனக்கு இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. என்மேல்தான் நிறைய வருகிறது. என்னை மன்னித்துவிடு.

தாளைப் பற்றிச் சொல்கிறேன். 43ஆம் பக்கத்தில் அந்தப் பாட்டு. கறுப்பு மசியில், கொட்டை எழுத்தில், 'மகாராஜா வந்தது'. உன் தளை தட்டவில்லை. அடியில் தேதி, அதற்குக் கீழே 'புத்திரன் ஜனனம், தாயும் சேயும் க்ஷேமம்' என்று ஒரு வரி. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்து, ராம்சரணிடம் காட்டி, அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட மறந்துபோய், "தேக், தேக்" என்று இந்தியில் பார்க்கச் சொல்லிக் கத்தினேன்.

பிறகுதான் தாளைத் திருப்பினேன்.

44ஆம் பக்கத்தில் நிஜமாகவே ராஜா துதி இருக்கிறது. பத்து வரி. 'சக்கரவர்த்தி', 'செங்கோல்', 'நின் பாதமே சரணம்' எல்லாம் இருக்கிறது. இதைக் கப்பல் என்று சொல்ல என்னாலும் முடியாது. கீழே பென்சிலில் ஏதோ இருக்கிறது, மங்கிப்போய் எனக்குப் படிக்க வரவில்லை.

அதை மறைக்கத்தான் அம்மா அறுத்திருக்கிறார். இந்தப் பக்கத்தின் மானத்தைக் காப்பாற்றப் போய், அந்தப் பக்கத்தில் இருந்த சாட்சியையும் சேர்த்து ஒளித்து வைத்துவிட்டார். முன்பக்கப் பாட்டைத்தான் நீ தப்பாகப் படித்திருக்கிறாய் என்று நான் சொன்னபோதுதான் அம்மாவுக்கே அது தெரிந்தது. "அப்ப நான்தான் எங்க தாத்தாவைக் காட்டிக் கொடுத்தேனாடா?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "அவளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பு. மறுபக்கம் வேண்டாம். அது ஊர் பார்க்கற பக்கம் இல்லை."

சரி என்று தலையாட்டிவிட்டு அபர்டீன் பஜாருக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரன் தாளை வாங்கி, "பாயி, ஏக் சைடு யா தோனோ சைடு?" என்று கேட்டான். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்று தினம் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டு, "ஜல்தி கரோ பாயி" என்றார்கள். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் நீ ஜெயித்தாய், நான் ஜெயித்தேன், அம்மா நிம்மதியாக இருப்பார். ஆனால் நாளைக்கு வேறு யாராவது அறுத்த ஓரத்தைப் பார்த்துவிட்டு, மறுபக்கத்தில் என்ன என்று உன்னைக் கேட்பார்கள். அன்றைக்கு நீ பொய்க்காரி ஆவாய். ஒரு தடவை உன்னை அப்படி ஆக்கியது போதும்.

அசல் தாளையே இத்துடன் அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எது அச்சில் வர வேண்டும் என்பதை நீ பார்த்துக்கொள். பயத்தோடுதான் அனுப்புகிறேன்.

சுதாகர்

*

மயிலாடுதுறை,
4 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

தாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு பிளாஸ்டிக் உறை, நடுவில் அட்டை, அதற்கு மேல் கப்பல் துறை கால அட்டவணை சுற்றி. நீங்கள் கட்டிய கட்டைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

பென்சில் எழுத்தைப் படித்துவிட்டேன். வெயிலில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வோர் எழுத்தாக. அப்படியே எழுதுகிறேன்:

'இல்லாளுக்குக் கடும் ஜுரம் என்று தபால். இருபது நாள் ரஜா கேட்டு மனுவோடு இதையும் இணைத்தேன். துரைக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. சிரித்தார். ரஜா உத்தரவில்லை. ஆகஸ்டு 1912.'

ரஜா என்றால் லீவு. அந்தக் காலத்து வார்த்தை.

அவர் மனைவி 1912 செப்டம்பரில் இறந்தார். கைக்குழந்தை அப்போது பத்து மாதம். இவர் ஊருக்குத் திரும்பியது 1913 மார்ச்சில். இந்தத் தேதிகளெல்லாம் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வரிசையாக இருக்கின்றன, நான்தான் தொகுத்தேன். தொகுத்தவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தத் தாளுக்குப் பிறகு அவர் ஒரு வெண்பாகூட எழுதவில்லை. மூன்று நாவல், இருபத்தோரு சிறுகதை, எல்லாம் வசனம்தான். துதி பாடிய வெட்கத்தில் கவிதையை விட்டார் என்று எழுதினேனே, பாவி நான். பெண்டாட்டியைப் பார்க்க ஒரு முறை போய்வர வேண்டும் என்று தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கொண்டுபோய் அந்த மேஜையில் வைத்திருக்கிறார். துரை சிரித்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

அவர் துதி பாடினார். அதை நான் மறைக்கப்போவதில்லை. எதற்காகப் பாடினார் என்பதையும் மறைக்கப்போவதில்லை. பழைய முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். 'என் பிழை' என்று தொடங்கிப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆய்வேடு தப்பு என்று நானே எழுதுவது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். கல்லூரியில் இப்போதே இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் வர வேண்டும். ஆனால் அத்தை வேண்டாம் என்று சொன்ன பக்கத்தை, அவருக்குத் தெரியாமல் வந்த தாளிலிருந்து எடுத்து நான் அச்சடிக்க மாட்டேன். அப்படிச் செய்தால் பிளேடு வைத்து அறுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பக்தவத்சலத்திடம் மார்ச் 15 கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தினார். கத்தட்டும்.

அத்தையிடம் கேட்க வேண்டும். பென்சிலில் இருப்பதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அது தபாலில் கேட்கிற கேள்வி இல்லை, போனில் கேட்கிற கேள்வியும் இல்லை. நீங்கள் கேட்டால் மறுபடி கீரையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். நான் வந்து கேட்கிறேன். தாளையும் நானே கொண்டுவருகிறேன். அத்தை முடியாது என்றால் புத்தகம் முடியாது, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மனுஷன் ராஜா காலில் விழுந்தாவது பெண்டாட்டியைப் பார்க்க இருபது நாள் லீவு கேட்டார். உங்களுக்கு வருஷத்துக்கு முப்பது நாள் லீவு சும்மா கிடைக்கிறது. மூன்று வருஷத்தில் ஒரு லீவு லெட்டர் எழுத உங்களுக்குக் கை வரவில்லை. எனக்கும் ஒரு கப்பல் ஏறி வர மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நீங்கள்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

விமானம் வேண்டாம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு எனக்கு மூன்று நாள் யோசிக்க வேண்டும். சென்னையிலிருந்து கப்பல் எப்போது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

விஜி

*

ஃபீனிக்ஸ் பே,
13 மார்ச் 2024

அன்புள்ள விஜி,

இதைக் கௌண்டரில் இருந்தே எழுதுகிறேன், எதிரில் வரிசை நிற்கிறது.

அசல் தாளை அனுப்பிவிட்டேன் என்று அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். நீ வருகிறாய் என்பதையும் சொன்னேன். நிறையத் திட்டினார், முக்கால்வாசி என்னை. கடைசியில், "வரட்டும். வந்து என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கட்டும். இல்லைன்னு சொல்றதா இருந்தாலும் அவ மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்லுவேன்" என்றார். இல்லை என்றுதான் சொல்வார் போலத் தெரிகிறது. சம்மதத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பென்சிலில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அது உன் வேலை.

லீவு லெட்டர் விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி.

சென்னையிலிருந்து இருபத்தாறாம் தேதி கப்பல். காற்று மழை இல்லாவிட்டால் நான்காம் நாள் காலை ஹட்டோ துறைமுகத்தில் நிற்கும். கீழ் அடுக்கில் குலுக்கல் கம்மி, அங்கேதான் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

தீவுக்காரர் குடும்பம் என்று பதிந்தால்தான் இந்தச் சீசனில் இடம் கிடைக்கும். அந்தப் படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்தாறு வருஷமாக ஊரார் எல்லாருக்கும் கேட்டுக் கேட்டு எழுதிய கட்டம்தான், இன்றைக்குப் பேனா நகரவில்லை. வரிசையில் நின்ற ஆள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாயி?" என்றான். 'மனைவி' என்று எழுதிவிட்டேன்.

நீ பதிப்பாசிரியர். தப்பு என்றால் வந்து அடித்துத் திருத்து.

சுதாகர்